மாண்டலினில் முதலில் எந்த மெட்டை எடுப்பது?

நங்கநல்லூர்_34:

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் வீட்டைக் காலி செய்யும்போது பரணில் ஒரு பெட்டி கிடைத்தது, திறந்தால் மாண்டலின். எழுபதுகளில் ஏதோ மெல்லிசைக் குழுவில் வாசித்தார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவர் வாசித்து நான் கேட்டதில்லை. தந்தி எல்லாம் துருப்பிடித்திருந்ததால் எட்டையும் ஒரே மூச்சில் கழற்றிப் போட்டுவிட்டு, புதுத் தந்தி வாங்கி மாட்டினேன்.

மூன்று வாரமாக ஒரு பழைய சினிமாப் பாட்டின் பல்லவியோடு மல்லுக்கட்டுகிறேன், யூடியூபைப் பார்த்துப் பார்த்து. நாலு சுரம் வருகிறது, ஐந்தாவதில் கை நின்றுவிடுகிறது. முழுதாக வந்தாலும் பாட்டு மாதிரியே இல்லை, குழாயில் தண்ணீர் சொட்டுவது போல டிங், டிங் என்று தனித்தனியாகக் கேட்கிறது. ஐந்தாம் பிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) மேல் போனால் எல்லாமே கொஞ்சம் அபசுரமாக வேறு இருக்கிறது, விரல் நுனியும் எரிகிறது. எனக்கு முப்பத்து நாலு வயது, வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி இருபது நிமிடம்தான் உட்கார முடிகிறது. சங்கீதம் தெரியாது, பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் கீபோர்டு படித்தேன், அவ்வளவுதான். தொடக்கக்காரன் எடுக்கக்கூடிய சுலபமான மெட்டு நாலு சொல்லுங்கள். இந்த வாத்தியம் மறுபடியும் பரணுக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

எட்டுத்தந்தி_மந்தைவெளி:

தம்பி, முதலில் ஒன்று. உங்கள் கையில் குறை இல்லை, நீங்கள் எடுத்த பாட்டுதான் தப்பு. சினிமாப் பாட்டை நாம் பாட்டாகக் கேட்பதே பாடுகிறவர் சுரத்தை நீட்டி, வளைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவதால்தான். மாண்டலினில் மீட்டிய அடுத்த கணமே ஒலி அடங்க ஆரம்பித்துவிடும், அதற்குமேல் ஒவ்வொரு சுரத்துக்கும் இரட்டைத் தந்தி என்பதால் இழுத்து வளைப்பதும் கஷ்டம். ஆகவே அந்தப் பல்லவியை எவ்வளவு சரியாக வாசித்தாலும் சொட்டத்தான் செய்யும். சுரங்கள் இயல்பிலேயே குட்டையாகவும் நேராகவும் இருக்கிற மெட்டாகத் தேடுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு அது போதும்.

இப்போது கையில் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு படியுங்கள். மேலிருந்து கீழாக ஜி, டி, ஏ, ஈ, வயலினுக்கு இருக்கிற அதே சுருதி. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ச-ப உறவில் இருக்கிறது. டி தந்தியைத் திறந்தபடி, அதாவது விரல் வைக்காமல் (இதுதான் 0) மீட்டினால் அதுவே ச. இரண்டாம் பிரெட் ரி, நாலாம் பிரெட் க, ஐந்தாம் பிரெட் ம. ஏ தந்தி திறந்தால் ப, அதே இரண்டு த, அதே நாலு நி, அதே ஐந்து மேல் ச. 0-2-4-5, 0-2-4-5, ஒரு ஸ்தாயி முடிந்தது. ஆள்காட்டி விரலுக்கு 2, நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 5. இதை விட்டு விரல் மாறவே கூடாது.

இந்த எட்டு இடத்தை வைத்தே ட்விங்கிள் ட்விங்கிள் முழுவதையும் வாசிக்கலாம். ச ச ப ப த த ப, ம ம க க ரி ரி ச. அதாவது டி0 டி0 ஏ0 ஏ0 ஏ2 ஏ2 ஏ0, டி5 டி5 டி4 டி4 டி2 டி2 டி0. குழந்தைப் பாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். முதல் வரியில் இரண்டு தந்திக்கு நடுவே பிக் (மீட்டும் வில்லை) தாண்டுகிறது, இரண்டாம் வரியில் மூன்று விரலும் வரிசையாக இறங்குகின்றன. ஒரு மாதப் பாடம் அதில் இருக்கிறது.

(வீணைக்காரர்கள் பிரெட்டை மெட்டு என்பார்கள், பாட்டின் மெட்டும் மெட்டுதான். இந்த இழையில் குழப்பம் வேண்டாம், பிரெட் என்றே எழுதுவோம்.)

பழுதுக்கடை_ராயப்பேட்டை:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். "எட்டையும் ஒரே மூச்சில் கழற்றினேன்" என்றதைப் படித்ததும் பகீர் என்றது. மாண்டலினில் பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) ஒட்டப்பட்டிருக்காது. தந்தியின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. எல்லாத் தந்தியையும் எடுத்தால் விழுந்துவிடும், திரும்ப வைக்கும்போது அரை விரல் நகர்ந்தாலும் மேலே போகப் போக சுருதி விலகும். உங்கள் அபசுரம் பெரும்பாலும் அதுதான்.

இப்படிப் பாருங்கள். பன்னிரண்டாம் பிரெட்டின் கம்பிக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டுக்கொண்டே மீட்டி, உடனே விரலை எடுத்தால் மணி மாதிரி ஒரு ஒலி வரும். பிறகு அதே பிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது மேலே ஏறிக் கேட்டால் பிரிட்ஜைக் கால்பக்கமாக ஒரு மயிரிழை தள்ளுங்கள், இறங்கிக் கேட்டால் கழுத்துப் பக்கமாக. தந்தியை முதலில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள், இறுக்கமாக இருக்கும்போது தள்ளினால் மேல்பலகை கீறும். இனிமேல் தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

விரல் எரிச்சலுக்கு, என்ன தந்தி போட்டீர்கள்? பழைய வாத்தியம் என்றால் லைட் போதும், மெல்லிய தந்தி 0.010 அங்குலம். பிரெட்டுகளுக்கு நட்டநடுவில் அழுத்தாமல், கம்பியை ஒட்டி அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்திப் பாருங்கள், பாதி பலம் போதும். நம் ஊர் வியர்வைக்கும் கடல் காற்றுக்கும் புதுத் தந்தியே சீக்கிரம் கறுத்துவிடும், வாசித்து முடித்ததும் ஒரு பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு ஜோடியையும் துடைத்து வையுங்கள்.

மாம்பலம்_வீணை:

நான் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் மாறுபடுகிறேன். மெட்டில் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆரம்பச் சுரப் பயிற்சியான சரளி வரிசையில் தொடங்க வேண்டும். மாயாமாளவகௌளை ராகத்தில் ச ரி க ம, ப த நி ச. புரந்தரதாசர் நாளிலிருந்து வருகிற வழி என்று சொல்கிறோம், அதற்குக் காரணம் இருக்கிறது. கை ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகு மலஹரியில் பிள்ளையார் கீதம், அப்புறம் மோகனத்தில் வரவீணா. எந்த வாத்தியமானாலும் இதுதான் வரிசை. நேராகப் பாட்டுக்குப் போகிறவர்கள் நாலு பாட்டு வாசிப்பார்கள், ஐந்தாவது பாட்டைத் தாங்களாகக் கண்டுபிடிக்க முடியாது.

எட்டுத்தந்தி_மந்தைவெளி:

மேடம், சரளி வரிசையை நான் மறுக்கவே இல்லை. மாயாமாளவகௌளை மாண்டலினுக்கென்றே செய்தது போல உட்காரும், 0-1-4-5, 0-1-4-5, இரண்டு தந்தியிலும் ஒரே அச்சு. வீணையில் இவ்வளவு பக்கம் பக்கமாக இருக்காது, இங்கே பிரெட்டுகள் நெருக்கம் என்பதால் 1-க்கும் 4-க்கும் நடுவே விரல் விரிப்பது சிரமமில்லை. ஆனால் தம்பி முப்பத்து நாலு வயதில், வேலைக்குப் போய்விட்டு வந்து, ராத்திரி இருபது நிமிடம் உட்காருகிறார். மூன்று வாரம் தோற்றுப்போன கைக்கு உடனே ஒரு ஜெயம் வேண்டும். வீட்டில் இருக்கிறவர்கள் "இது அந்தப் பாட்டுதானே" என்று கேட்க வேண்டும். பதினாலு சரளி வரிசைக்குப் பிறகு அது கிடைக்கும் என்றால் அதுவரை தாங்காது. நானே இரண்டு தடவை விட்டவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெரம்பூர்_பிக்:

நான் சர்ச்சில் வாசிக்கக் கற்றவன், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு மெட்டு. அமெரிக்காவில் மாண்டலினும் பிடிலும் தொடங்குகிற பிள்ளைகளுக்கு முதலில் பாய்ல் தெம் கேபேஜ் டவுன் என்ற நாட்டுப்புற மெட்டைத்தான் பல பேர் கொடுக்கிறார்கள், முட்டைக்கோஸை வேகவை என்று அர்த்தம். மெட்டுக்கு மொத்தமே நாலு சுரம்: க, ம, ரி, ச. க நாலு தடவை, ம நாலு, மறுபடி க நாலு, ரி நாலு. பிறகு க நாலு, ம நாலு, க இரண்டு, ரி இரண்டு, ச-வில் உட்கார். எல்லாமே ஒரே டி தந்தியில் 4, 5, 4, 2 என்று போகும், கடைசியில் 0. இடது கைக்கு வேலையே இல்லாததால் முழுக் கவனமும் பிக் பிடித்த கையில் வைக்கலாம். கீழ், மேல், கீழ், மேல். தாளத்தில் விழுகிற அடி கீழ்நோக்கி, நடுவில் வருவது மேல்நோக்கி. சுரம் தப்பினாலும் பரவாயில்லை, கை ஊஞ்சல் மாதிரி நிற்காமல் ஆட வேண்டும். மெல்லிய பிக் படபடக்கும், ஒரு மில்லிமீட்டராவது தடிமன் இருக்கட்டும்.

இன்னொன்று பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் வருகிற ஓட் டு ஜாய். 1824-இல் வியன்னாவில் முதலில் அரங்கேறியது, இன்றைக்கும் கீபோர்டு வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கிறார்கள், உங்களுக்கும் அந்த ஒரு வருடத்தில் காதில் விழுந்திருக்கும். க க ம ப, ப ம க ரி, ச ச ரி க, க ரி ரி. டி4 டி4 டி5 ஏ0, ஏ0 டி5 டி4 டி2, டி0 டி0 டி2 டி4, டி4 டி2 டி2. தாண்டாமல் பக்கத்துப் பக்கத்துச் சுரமாகவே நடக்கும். அந்தச் சிம்பொனியிலும் இந்த மெட்டு டி மேஜரில்தான் வரும், அதனால் நீங்கள் வாசிப்பது சுருதி மாற்றிய வடிவம்கூட இல்லை.

கைப்பழக்கம் வந்ததும் ஹேப்பி பர்த்டே எடுங்கள், வருடம் முழுவதும் யாராவது கேட்பார்கள். அதற்கு மட்டும் ச-வை டி5-இல் வையுங்கள், கீழ் ப திறந்த டி-யில் கிடைத்துவிடும். டி0 டி0 டி2 டி0 டி5 டி4. டி0 டி0 டி2 டி0 ஏ0 டி5. டி0 டி0 ஏ5 ஏ2 டி5 டி4 டி2. ஏ3 ஏ3 ஏ2 டி5 ஏ0 டி5. மூன்றாவது வரியில் ஏ5-க்குத் தாவுகிற இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள், அந்த மூன்று சுரத்தை மட்டும் தனியாக எடுத்து ஐம்பது தடவை வாசியுங்கள்.

புதுக்கை_வேளச்சேரி:

நானும் புதிதுதான், இரண்டு மாதம். கடுகு வயலில் ஷாருக் கான் மாண்டலினோடு நிற்பாரே, அந்த மெட்டுக்காகத்தான் வாங்கினேன். அதை எப்போது எடுக்கலாம்? இன்னொரு சந்தேகம், இரட்டைத் தந்தியில் வளைக்க முடியாது என்றால் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எப்படி வாசித்தார்? அவர் கையில் சுரம் பாடுவது மாதிரி அல்லவா வளையும்.

எட்டுத்தந்தி_மந்தைவெளி:

நல்ல கேள்வி. ஸ்ரீநிவாஸ் வைத்திருந்தது எலெக்ட்ரிக் மாண்டலின், இரட்டைத் தந்தியை ஒற்றையாக்கி, பிறகு ஐந்தாவதாக ஒன்றும் சேர்த்துக்கொண்டார். ஒற்றைத் தந்தி என்றால் இழுக்கலாம், ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் ஒலியும் நிற்கும், சுரத்தை அசைத்து வளைக்கிற கமகத்துக்கு இடம் கிடைத்தது. சுருதியையும் வயலின் மாதிரி வைக்காமல் ச-ப-ச-ப என்று வைத்துக்கொள்வது கர்நாடக வழக்கம். இத்தனையும் சொன்னாலும் பாலகொல்லுவிலிருந்து வந்த அந்தச் சிறுவனை வெறும் தந்திக் கணக்கால் விளக்கிவிட முடியாது. 1969-இல் பிறந்து 2014 செப்டம்பரில் போய்விட்டார், நாற்பத்தைந்து வயது. அந்த வாரம் முழுவதும் நான் மாண்டலினைத் தொடவே இல்லை.

ஷாருக் மெட்டு கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சாயல் மெட்டுகளில் நீண்ட சுரங்கள் வரும், அவற்றைப் பிடித்து நிறுத்த ட்ரெமலோ வேண்டும், அதாவது ஒரே சுரத்தைக் கீழும் மேலுமாக வேகமாக மீட்டி ஒரே கோடாக்குவது. பெரம்பூர் நண்பர் சொன்ன முட்டைக்கோஸ் மெட்டில் மணிக்கட்டு தளர்ந்தால் ட்ரெமலோ தானாக வரும். தோளிலிருந்து ஆட்டினால் வராது.

மாம்பலம்_வீணை:

ஒரு நாள் யோசித்துவிட்டு வருகிறேன். நேராகவும் குட்டையாகவும் உள்ள சுரங்கள், உடனே அடையாளம் தெரிகிற மெட்டு என்று எட்டுத்தந்தி சார் சொன்னார். அப்படிப்பட்டவை நம் சம்பிரதாயத்துக்குள்ளேயே இருக்கின்றனவே, எனக்குத்தான் சட்டென்று தோன்றவில்லை. நோட்டுஸ்வரம்! முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளை எடுத்து சம்ஸ்கிருத சாகித்தியம் போட்டாரே, அவைதான். எல்லாம் சங்கராபரண சுரங்கள், கமகம் கிடையாது, சார் எழுதிய 0-2-4-5 அச்சே பெரும்பாலும் போதும். ட்விங்கிள் மெட்டில் சியாமளே மீனாக்ஷி இருக்கிறது. இங்கிலாந்து ராஜாவின் கீத மெட்டில் ஸந்ததம் பாஹிமாம். சக்தி ஸஹித கணபதிம் கேட்காத பாட்டு வகுப்பே இருக்காது, நான் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரே வாரத்தில் பாடிவிடுகிறார்கள்.

இதில் நம் ஊர்ச் சம்பந்தமும் உண்டு. தீட்சிதரின் தகப்பனார் குடும்பத்தோடு மணலியில், முதலியார் ஆதரவில் இருந்தார். அங்கிருந்து கோட்டைக்குப் போய் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியம் கேட்டுத்தான் இந்த மெட்டுகள் வந்தன என்று வழிவழியாகச் சொல்கிறோம். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்தச் சமயத்தில்தான் வயலின் கற்றுக்கொண்டு அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். உங்கள் மாண்டலினுக்கும் அதே வயலின் சுருதி. இன்றைக்கு மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலைதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது, எனக்கு முதலில் இதுதான் வரும்.

ஆகவே என் யோசனை: நோட்டுஸ்வரம் மூன்று, பக்கத்திலேயே தினம் ஐந்து நிமிடம் சரளி. இப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எட்டுத்தந்தி_மந்தைவெளி:

மேடம், இத்தனை வருடம் வாசிக்கிறேன், நோட்டுஸ்வரத்தை மாண்டலினோடு சேர்த்து யோசித்ததே இல்லை. இன்று ராத்திரி சக்தி ஸஹித எடுக்கிறேன். ரொம்ப நன்றி.

நங்கநல்லூர்_34:

பத்து நாள் கழித்து வருகிறேன். முதலில் ராயப்பேட்டை அண்ணாவுக்கு நன்றி, பிரிட்ஜ்தான். கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தது, மேல்பலகையில் பழைய பிரிட்ஜின் தடம் வெளுப்பாகத் தெரிந்தது, அதன்மேல் சரியாக வைத்தேன். பெரியப்பா வைத்திருந்த இடம்.

முட்டைக்கோஸ் மெட்டு வருகிறது. ஓட் டு ஜாய் மெதுவாக வருகிறது. ட்விங்கிளைப் போன செவ்வாய்க்கிழமை ராத்திரி வாசித்துக்கொண்டிருந்தேன், அடுக்களையில் அம்மா மோருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை வாசிக்கும்போது உள்ளேயிருந்து பாட்டு வந்தது, சியாமளே மீனாக்ஷி, சுந்தரேச்வர ஸாக்ஷி என்று. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்று முழுவதும் பாடினார். அம்மா கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் பாட்டு கற்றுக்கொண்டவர், எனக்கே அது மறந்துவிட்டது. நான் இந்த இழையை அவரிடம் காட்டவே இல்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால் என்னோடு சேர்ந்து பாட அவரால் முடியவில்லை. நான் டி-யில் வாசித்தால் மேல் சுரங்களில் தொண்டை கட்டுகிறது, கீழே இறக்கினால் குரலே கேட்கவில்லை. "எனக்கு ஐந்து கட்டை வேண்டும்" என்கிறார். நான் எல்லாத் தந்தியையும் முறுக்கி மாற்ற வேண்டுமா?

மாம்பலம்_வீணை:

ஒரு முறுக்காணியையும் தொடாதீர்கள். கட்டை என்பது ச எந்தச் சுருதியில் இருக்கிறது என்ற கணக்கு: ஒன்று சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி. நீங்கள் இரண்டு கட்டையில் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள், பெண்கள் பலருக்கும் ஐந்து, ஐந்தரைதான் சௌகரியம். உங்கள் மேல் தந்தி ஜி, அதாவது அம்மாவின் ஐந்து கட்டை அங்கே திறந்தபடியே இருக்கிறது.

எட்டுத்தந்தி_மந்தைவெளி:

அதேதான். டி, ஏ ஜோடியில் வாசித்ததை அப்படியே ஒரு தந்தி மேலே தூக்கி ஜி, டி ஜோடியில் வாசியுங்கள். விரல் எண் ஒன்றுகூட மாறாது. ஜி0 ஜி0 டி0 டி0 டி2 டி2 டி0, ஜி5 ஜி5 ஜி4 ஜி4 ஜி2 ஜி2 ஜி0. ஜி தந்தி தடிமன், பிக் கொஞ்சம் ஆழமாகப் போகட்டும், இரண்டு தந்தியிலும் பட வேண்டும். ஜோடியில் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் தடித்த தந்தியில் உடனே காட்டிக்கொடுக்கும், அதனால் முதலில் சுருதி பார்த்துவிட்டு உட்காருங்கள். கைபேசியில் ஐந்து கட்டைக்குத் தம்பூரா போட்டுக்கொண்டால் அம்மாவுக்கும் சுகமாக இருக்கும்.

நங்கநல்லூர்_34:

வந்தது! இரண்டு நாளாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சேர்ந்து உட்காருகிறோம். நான் ஜி-யிலிருந்து டி-க்குத் தாண்டும் இடத்தில் அவசரப்படுகிறேன் என்று அம்மா தொடையில் தாளம் போட்டுக் காட்டுகிறார், நான் முந்தினால் பாட்டை நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாடச் சொல்கிறார். ஐந்தாம் வகுப்பு படிக்கிற பெண்ணும் வந்து உட்கார்ந்து அதே மெட்டை ட்விங்கிள் என்று பாடுகிறாள், இருவருக்கும் நான் ஒருவனே வாசிக்கிறேன்.

அடுத்து வரவீணா என்று அம்மா சொல்லிவிட்டார். மோகனம் என்றால் ம, நி கிடையாது என்றார். அப்படியானால் ஐந்து கட்டையில் ஜி0 ஜி2 ஜி4, டி0 டி2, மேல் ச டி5. அவர் பாடிய முதல் வரி க க பா பா, த ப சா சா. நான் எழுதிக்கொண்டது ஜி4 ஜி4 டி0 டி0, டி2 டி0 டி5 டி5. பா, சா இரண்டுக்கும் இரட்டிப்பு நேரம். சரிதானா?

மாம்பலம்_வீணை:

சரிதான். அடுத்த வரி மேல் ரி-யில் தொடங்கும், அது திறந்த ஏ. ரூபக தாளம், அம்மாவையே போடச் சொல்லுங்கள்.